மூங்கிலுக்கு இந்தப் பக்கம்

"நீங்க சொல்றது நியாயந்தாங்க" என்று அவர் சொல்லிவிட்டால், காரியம் நடக்காது என்று அர்த்தம். அந்த நாட்களில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே போய்வந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நியாயமில்லாத கோரிக்கையோடு யாராவது வந்தால் அவர் சற்று நேரம் வாதாடுவார். வாதாடும்வரை ஒரு நம்பிக்கை இருக்கும். நியாயம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் பேச்சு முடிந்தது. மூட்டையைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான்.

யுத்த காலம். ஒரு தாலுக்காவின் தானியம் அனுமதிச் சீட்டு இல்லாமல் அடுத்த தாலுக்காவுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு இருந்தது. ரஸ்தா ஓர் ஓடையில் இறங்கி ஏறும் இடத்தில் எல்லை. ஓடைக்கு மேற்கே பெரம்பலூர் தாலுக்கா, கிழக்கே உடையார்பாளையம் தாலுக்கா. கிழக்குக் கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை, மேசை, பெஞ்சு, ரஸ்தாவுக்குக் குறுக்கே ஒரு மூங்கில். மூங்கிலின் அடிப்பக்கம் கல் கட்டியிருக்கும், நுனியில் கயிறு. கயிற்றைத் தளர்த்தினால் கல்லின் கனத்தில் மூங்கில் தானாக எழும்பும். அந்தச் சோதனைச் சாவடிக்கு அவர் மேற்பார்வையாளர். அவருக்குக் கீழே இரண்டு சேவகர்கள்.

நான் அரியலூரிலிருந்து திருச்சிப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது பெரம்பலூர் சர்க்கார் கச்சேரிகளுக்குப் போவேன். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்கள் கரியில் ஓடின. பின்பக்கம் அடுப்பு மாதிரி ஒரு பீப்பாய். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். சாவடியில் எப்படியும் எல்லோரும் இறங்கியாக வேண்டும். அவரைப் பார்க்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது.

ஒல்லியான மனிதர். வேட்டிக்கு மேல் பித்தான் எல்லாம் போட்ட பழுப்புக் கோட்டு. கொட்டகைக்குள்ளேயும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய கறுப்புக் குடை. எழுதுவதற்கு ஊதாப் பென்சில். நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். சாயங்காலம் ஆகும்போது உதடு இரண்டும் நாவற்பழம் தின்றவை மாதிரி இருக்கும். மூட்டையைச் சோதிக்கும்போது சேவகர்கள் கம்பியால் குத்தி இழுப்பதை அவர் அனுமதிக்க மாட்டார். கட்டை அவிழ்த்து, கையை விட்டுப் பார்த்து, தாமே திரும்பக் கட்டிக் கொடுப்பார். முன்பு இருந்ததைவிட நல்ல முடிச்சாக இருக்கும்.

அவர் கை நீட்டியதில்லை. பதனீர் கொடுத்தால்கூட வாங்க மாட்டார். பஸ் டிரைவர் ஒரு ராவுத்தர், எல்லோருக்கும் பாய். ஒரு நாள் அடுப்பைக் கிளறிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அல்லா மேல ஆணையா சொல்றேன் சார், இந்த ஆளு தங்கமான ஆளு. அதான் தொல்ல. வாங்குற ஆளா இருந்தா ஜனங்களுக்கு ஒரு வழி இருக்கும்."

வேலைக்குப் பயந்துதான் அப்படி இருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். அவர் முன்பு அரியலூரில் ஒரு கடலை மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். சாவடி உத்தியோகம் தற்காலிகம். சில மாதங்களுக்கு ஒரு முறை நீட்டிப்பு வர வேண்டும். ஆனால் பயம் என்று எனக்குத் தோன்றியதில்லை. பயந்தவன் மேலதிகாரியைத் திட்டுவான், அல்லது ஜனங்களைத் திட்டுவான். இவர் யாரையும் திட்டியதில்லை. உத்தரவு எழுதியவருக்கு நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கும் என்று நம்பினார். "இங்கேருந்து பாத்தா இப்பிடித் தெரியுது. மேலேருந்து பாத்தா வேற மாதிரி தெரியுமோ என்னமோ" என்பார். தம் கண் முன்னால் நடக்கும் அநியாயம், தூரத்தில் எங்கோ ஒரு பெரிய நியாயத்துக்கு உதவுகிறது என்ற எண்ணம்.

அவர் மனைவி பெரம்பலூரில் இருந்தார். தீபாவளிக்கு முன்னால், கொள்ளிடக்கரை ஊரில் இருந்த மனைவியின் தம்பி அக்காவுக்காக ஒரு சிப்பம் அரிசி எடுத்துக்கொண்டு வந்தான். மாமா சாவடியில் இருக்கும் தைரியம். பஸ்ஸை விட்டு இறங்கி, சிரித்துக்கொண்டே வந்து மேசையருகில் நின்றான்.

"சீட்டு இருக்கா மாப்ள?"

"என்ன மாமா வெளையாட்டு. அக்காவுக்குத்தான். உங்க வூட்டுக்கு!"

"எங்க வூடு மேக்கால இருக்கு. அரிசி கெழக்கால இருக்கு."

அரிசியைப் பறிமுதல் செய்து, மைத்துனனுக்கு ரசீது எழுதிக் கொடுத்து, அவன் திரும்பிப் போக வைத்திருந்த சில்லறையை வழியில் தவறவிட்டிருந்ததால் பஸ் கட்டணத்தையும் தாமே கொடுத்து அனுப்பினார். அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டில் கேழ்வரகுக் களி. அதற்குப் பிறகு நெடுநாள் அந்த அம்மாள் அவரோடு பேசவில்லை என்று கேள்வி. நான் ஒரு தடவை மெதுவாக விசாரித்தேன். "எந்தப் புருசன் சார் இப்பிடிச் செய்வான்னு கேக்குறா. அவ கேக்குறது நியாயந்தான்" என்றார்.

அவருக்குப் புத்தி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வேண்டிய புத்தி இருந்தது. அதை உத்தரவுக்கு உள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டினார் என்பதுதான். ஒரு கலியாணக் கூட்டம் அண்டா நிறையப் புளியோதரையோடு வந்தது. சேவகர்கள் மறித்தார்கள், அரிசிதானே? அவர் யோசித்தார். "வெந்தது தானியம் இல்ல. விடு" என்றார். மாப்பிள்ளை வீட்டார் அவரை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

செய்தி பரவிவிட்டது. அடுத்த வாரம் ஒரு நெல் வியாபாரி வண்டியில் மூட்டைகளோடு வந்து இறங்கினான்.

"என்னய்யா இது?"

"புழுங்க நெல்லுங்க. அவிச்சது. அதாவது வெந்ததுங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, முகர்ந்து பார்த்தார். பஸ் அடுப்பு அணைந்துவிடும் போல் இருந்தது. பாய் ஹார்னை அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சாவடிக்காரர் சொன்னார்: "நீங்க சொல்றது நியாயந்தான். வெந்ததுதான். ஆனா இதைக் காயவெச்சுக் குத்துனா மறுபடி அரிசியாயிடும். மறுபடி தானியமாக முடியாததுதான் தானியத்துல சேராது." வியாபாரி வண்டியைத் திருப்பினான். அந்த விளக்கம் எந்த உத்தரவிலும் இல்லை, அவரே கண்டுபிடித்தது. ஆனால் கண்டுபிடித்த பிறகு அதுவும் அவருக்கு உத்தரவாகிவிட்டது.

யுத்தமெல்லாம் முடிந்து சில வருஷம் கழித்து அவரை அரியலூர் ரயிலடியில் பார்த்தேன். சுதந்திரம் வந்த பிறகு ஒரு தடவை கட்டுப்பாட்டை எடுத்திருந்தார்கள். அவருக்கு வேலை போனது. பிறகு மறுபடி போட்டார்கள், வேலை திரும்பியது. "எடுத்தாங்களே, அது சரியா?" என்றேன். "எடுத்தது நியாயந்தான் சார்." "மறுபடி போட்டது?" கொஞ்சமும் தயங்காமல், "அதுவும் நியாயந்தான்" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கையில் குடை இல்லாததை அப்போதுதான் கவனித்தேன். குடையைப் பற்றி நான் கேட்கவில்லை. அது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

ஓடைக்கு மேற்குக் கரையில், சாவடியிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும் தூரத்தில், ஒரு விதவையின் வீடு இருந்தது. நாற்பது வயதிருக்கலாம். இரண்டு பெண்கள், படுக்கையில் கிடக்கும் மாமியார். அவளுடைய புஞ்சை, அந்தப் பக்கத்துப் பேச்சில் கொல்லை, கிழக்குக் கரையில், சாவடிக்குப் பின்னால். புஞ்சையை ஒட்டிய பாறைதான் களம். அவள் புருஷனும் மாமனாரும் அங்கேயே கதிரடித்து, தூற்றி, தலைச்சுமையாக ஓடையைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள். அவர்களுக்கு அது வெறும் ஓடை. இப்போது எல்லை.

யுத்த காலத்தில் ஒரு வருஷம் அந்தப் புஞ்சையில் கம்பு நன்றாக விளைந்தது. புரட்டாசிக் கடைசியில் அடித்துத் தூற்றிக் களத்தில் குவித்தாள். முதல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மூங்கிலுக்கு வந்தாள்.

"சீட்டு வேணும்மா" என்றார்.

"எங்க வூடு அந்தா தெரியுதுங்களே. எஞ்சின்ன மவ வாசல்ல நிக்கிறா பாருங்க."

"தெரியுதும்மா."

"எங்க கொல்லையில வெளஞ்சதுங்க. நீங்கதான் கதிர் அறுத்ததிலேருந்து பாத்துக்கிட்டிருக்கீங்களே."

"பாத்தேன். நீங்க சொல்றது நியாயந்தாம்மா."

அவளுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் அப்போது தெரியாது. கூடையோடு காத்திருந்தாள்.

சீட்டு வாங்க அலைந்தாள். கிழக்குத் தாலுக்கா ஆபீசில், நீ எங்கள் குடி இல்லை, மேற்கே கேள் என்றார்கள். மேற்குத் தாலுக்கா ஆபீசில், தானியம் எங்கள் எல்லையில் இல்லை, கிழக்கே கேள் என்றார்கள். ரேஷன் கார்டு கேட்டாள். சொந்த விளைச்சல் உள்ளவர்களுக்குக் கார்டு கிடையாது. குவியலைக் கணக்குப்பிள்ளை அளந்து எழுதிக்கொண்டு போய்விட்டதால், இருட்டில் வேறு வழியாகக் கடத்தவும் முடியாது, குறைந்தால் கேஸ். ஆகவே அந்தக் குடும்பம் ஒரு வருஷத்துச் சாப்பாட்டை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கிக் கூழ் குடித்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் கம்பு வீட்டுக்குள் வந்தாக வேண்டும். களத்தில் கூரை கிடையாது.

வழியைக் கண்டுபிடித்தது அவர்தான். ஒரு நாள் நான் போனபோது முகம் மலர்ந்திருந்தார். பழைய சுற்றறிக்கை ஒன்றில், பிரயாணிகள் வழிச் சாப்பாட்டுக்கென்று ஒரு சிறு பை தானியம் கொண்டுபோகலாம் என்று இருந்ததாம். பிரயாணி என்றால் பஸ் அல்லது ரயில் டிக்கெட் வைத்திருப்பவர். அவளைக் கூப்பிட்டு அனுப்பி அவரே விளக்கினார்.

"வூட்டுக்குப் போறதுக்கு பஸ்ஸாங்க? கூப்புட்டா கேக்குற தூரம்!" என்று அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏறிக்கிட்டா போதும்மா. ஏறுனா நீங்க பிரயாணி."

அப்படியே நடந்தது. பஸ் கிழக்கிலிருந்து வரும்போது பையோடு ஏறுவாள். மூங்கில் எழும்பும், பஸ் ஓடையில் இறங்கி ஏறும், அவள் இறங்கிக்கொள்வாள். டிக்கெட்டுக்குப் பாய் காசு வாங்கவில்லை. பழைய டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். "ஏம்மா, ஏறி உக்கார்றதுக்குள்ள எறங்கணும். நீ நின்னுக்கிட்டே வா. தூங்கிட்டியானா பெரம்பலூர் போயிருவ" என்பார். பஸ்ஸில் எல்லோரும் சிரிப்பார்கள். சாவடிக்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பார்.

"பிரயாணம் எங்க?"

"எங்க வூட்டுக்குங்க."

எழுதிக்கொள்வார். பையைத் தாமே கட்டிக் கொடுப்பார்.

கரி பஸ் சில நாள் வரும், சில நாள் வராது. ஒரு நாளைக்கு ஒரு பை. குவியல் குறைந்ததாகவே தெரியவில்லை. நான் அவரிடம் சொன்னேன்: "மழை வந்துரும் போல இருக்கே. ஒரு நாள் மூங்கிலைத் தூக்கிவிட்டா சாயங்காலத்துக்குள்ள எல்லாம் வீடு சேந்துரும். யாரு பாக்கப்போறாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க சார். நீங்க சொல்றது நியாயந்தான்."

அந்த விஷயத்தைப் பெயர் குறிப்பிடாமல் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். காகிதக் கட்டுப்பாட்டினால் பத்திரிகை நாலு பக்கமாகச் சுருங்கியிருந்தது, இடமில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஓடை கரை புரண்டது, பஸ் நின்றது. அவள் வீட்டு வாசலில், களம் கிழக்கில். அந்த நாட்களில் சாவடியில் நடந்ததைச் சேவகர்களில் மூத்தவன் பிறகு எனக்குச் சொன்னான். கொட்டகையில் ஒரு தார்ப்பாய் இருந்தது; பறிமுதல் தானியத்தின்மேல் போட்டது. அதை எடுத்துக் குவியலை மூடலாமா என்று இவன் கேட்டிருக்கிறான். அது சர்க்கார் தானியத்துக்கு வந்த தார்ப்பாய் என்று அவர் சொல்லிவிட்டார். சரி, குவியலையாவது அள்ளிக் கொட்டகைக்குள் போட்டுவிடலாமே என்றான் இவன். "உள்ள வந்தா பறிமுதல்னு ஆயிடும்டா. அப்பறம் அந்தம்மாவுக்குத் திரும்பவே கெடைக்காது." அதுவும் உண்மைதான்.

பிறகு இருவருமாகக் கொட்டுகிற மழையில் போய், கம்பந்தட்டையை அள்ளிக் குவியலின்மேல் அடுக்கினார்கள். உச்சியில் தட்டை நிற்கவில்லை, காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. அவர் தம் குடையை விரித்து உச்சியில் செருகினார். "இது எஞ்சொந்தக் குடை" என்றாராம், யாரோ ஆட்சேபித்த மாதிரி. நனைந்துகொண்டே கொட்டகைக்குத் திரும்பினார். ஊதாப் பென்சில் கோட்டுப் பையில் கரைந்து, நெஞ்சு முழுதும் சாயம். குடை மறுநாள்வரை நின்றது. பிறகு வெள்ளத்தோடு போயிற்று.

அந்த வாரம் என் பத்திரிகையில் அரியலூர்ச் செய்தி ஒன்று வெளியானது. இரண்டு வரி. நல்ல மழை, பயிர்களுக்கு அனுகூலம்.

தண்ணீர் வடிந்து முதல் பஸ் ஓடியபோது நான் அதில் போனேன். ஓடையை நெருங்கும்போதே அவள் தெரிந்தாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி அப்போதுதான் கிழக்குக் கரை ஏறியிருந்தாள். களம் பச்சையாக இருந்தது. யாரோ பாறைமேல் நாற்று விட்ட மாதிரி. கிட்டே போனால் புளித்த வாடை. குவியல் மேலெல்லாம் முளை. கையை உள்ளே விட்டால் சூடு, கறுத்த பூஞ்சணம். அவள் இரண்டு கையாலும் கிளறிக்கொண்டே போனாள். அடிவரைக்கும் அப்படித்தான் இருந்தது.

அவர் வந்தார். ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் உருட்டினார், முகர்ந்தார். புழுங்கல் நெல்லைப் பார்த்தது போலவே வெகு நேரம் பார்த்தார். எனக்கு அடுத்தது என்ன என்று தெரிந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாதா என்று இருந்தது.

"ஏம்மா" என்றார். "இது இனிமே தானியத்துல சேராது. சீட்டு வேணாம். பஸ் வேணாம். தாராளமா வூட்டுக்குக் கொண்டு போங்க."

சேவகன், "நட்டா தானியமாவுமே சார்" என்றான். அவன் வேடிக்கைக்குச் சொன்னானா, கோபத்தில் சொன்னானா தெரியவில்லை.

"அது அடுத்த வருசத் தானியம்" என்றார் அவர். மேசைக்குப் போய் எழுதவில்லை. நேராக மூங்கிலுக்குப் போய்க் கயிற்றைத் தளர்த்தினார். மூங்கில் எழும்பி நின்றது. எங்கள் பஸ் அதன் முன்னால் நின்றது. பாய் கீழே இறங்கித் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அவள் எழுந்து வந்தாள். விரலிடுக்கில் முளைகள் ஒட்டியிருந்தன. அழவில்லை. கச்சேரி கச்சேரியாக அலைந்ததில் அவளும் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது தானியம் இல்லீங்க?"

"இல்லம்மா."

"அப்ப எனக்கு வெளச்சல் இல்லீங்க?"

அவர் கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வெளச்சல் இல்லேன்னா எனக்கு ரேஷன் கார்டு குடுப்பாங்களா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது, உதடு அசைந்தது. தமக்குத் தெரிந்த அத்தனை சுற்றறிக்கைகளிலும் தேடினார் என்று நினைக்கிறேன். அவளுடைய கொல்லை விளைந்தது என்று எழுதியாகிவிட்டது. விளைந்த பிறகு என்ன ஆயிற்று என்று எழுத எங்கும் இடம் இல்லை.

"நீங்க கேக்குறது நியாயந்தாம்மா" என்றார்.

இந்தத் தடவை அதன் அர்த்தம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தலையை ஆட்டினாள். களத்தைத் திரும்பிப் பார்க்காமல், தூக்கி நின்ற மூங்கிலுக்கு அடியில் வெறுங்கையோடு நடந்து ஓடையில் இறங்கினாள். அவர் கயிற்றை இழுக்காமல் கையில் பிடித்தபடியே நின்றார். அவள் அக்கரை ஏறி, வாசலில் நின்ற பெண்ணைத் தாண்டி, வீட்டுக்குள் குனிந்து நுழையும்வரை அப்படியே நின்றார். பிறகு மூங்கிலை மெதுவாக இறக்கிக் கட்டிவிட்டு, எங்கள் மூட்டைகளைச் சோதிக்க வந்தார்.